முதல் மூன்று நாள் சோறும் தண்ணீரும்

2015 ஆகஸ்டில் ஜொகூரின் லாயாங் ஆற்று அணையின் நீர்மட்டம் சரிந்து, மாசாய், பாசிர் கூடாங் வட்டாரத்தில் குடிநீர்ப் பங்கீடு தொடங்கியது. 2019 மார்ச் 7ஆம் தேதி, கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் நெடி தாமான் பாசிர் பூத்தே பள்ளிப் பிள்ளைகளை மூச்சுத் திணற வைத்தது. ஒரு வாரத்துக்குள் 111 பள்ளிகளை மூடினார்கள். அதே ஆண்டு ஜூனில் மீண்டும் நச்சுக் காற்று, 475 பள்ளிகளுக்கு விடுமுறை. 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து சிங்கப்பூர் எல்லை அடைபட்டது. 2025 மார்ச் 19இல் பிடித்த மழை விடாமல் கொட்டி, ஜொகூர் பாரு, பாசிர் கூடாங், கோத்தா திங்கி என்று தாழ்வான இடங்களில் எல்லாம் தண்ணீர் ஏறியது. மாநிலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் துயர் துடைப்பு மையங்களுக்குப் போனார்கள்.

பத்தே ஆண்டுகளில் இத்தனையும் நடந்தது ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவிலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான். ஒரு பக்கம் தெப்ராவ் ஆற்று முகத்துவாரம், எதிரே ஜொகூர் நீரிணை, சற்றுத் தள்ளிக் கிழக்கே பாசிர் கூடாங் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். இப்படி அமைந்த ஓர் ஊரில், அவசரத்துக்கென்று உணவும் தண்ணீரும் எடுத்து வைத்திருக்கும் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வைத்திருக்கும் சிலரும் வெளிநாட்டுப் பட்டியல் ஒன்றைப் பார்த்துத் தயார் பை ஒன்றை வாங்கி அலமாரியில் தள்ளியவர்களாகவே இருக்கிறார்கள். என் கவலை இந்த இரண்டு தரப்பைப் பற்றியும்தான்.

மேலே சொன்ன நிகழ்வுகள் வீட்டிடம் வெவ்வேறு காரியங்களைக் கேட்கின்றன. குழாய் வற்றினால் வீட்டிலேயே இருந்து தாக்குப் பிடிக்க வேண்டும். நச்சுக் காற்று வந்தால் கதவு ஜன்னலைச் சாத்தி உள்ளே அடங்கியிருக்க வேண்டும், அல்லது அதிகாரிகள் சொன்ன மறு நிமிடம் கிளம்ப வேண்டும். வெள்ளம் வந்தால் கிளம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே பை என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இருந்து சமாளிக்க ஓர் இருப்பு வேண்டும். எழுந்து போக ஒரு பை வேண்டும். இரண்டும் தனித்தனி.

எழுந்து போகும் பையைவிட, இருந்து சமாளிக்கும் இருப்பைப் பற்றித்தான் நம் மக்கள் குறைவாக யோசிக்கிறார்கள். தாமான் ஸ்ரீ மூடாவை மறந்துவிடக் கூடாது. 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஷா ஆலாமில் தமிழர்கள் நிறைய வாழும் குடியிருப்பு அது. ஒரு மாதத்துக்குச் சராசரியாகப் பெய்யும் மழை ஒரே நாளில் கொட்டியது என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். கீழ்த்தளம் முழுகி, மாடியிலும் கூரையிலும் ஏறியவர்கள் சோறு தண்ணீர் இல்லாமல் ஒரு நாள், இரண்டு நாள் என்று படகுக்குக் காத்திருந்தார்கள். பலரைக் காப்பாற்றியது தனியார் படகுகளும் முன்பின் அறியாத தன்னார்வலர்களும்தான். தலைநகரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், நாட்டிலேயே செல்வம் கொழிக்கும் மாநிலத்தில் நடந்தது இது. கிளந்தானில் 2014 டிசம்பர் வெள்ளத்தில் நிலைமை இன்னும் மோசம். துயர் துடைப்பு மையங்களாகத் திறந்த கட்டடங்கள் சிலவற்றுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் 2015இல் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நட்மாவை அமைத்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்தப் பாடம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண் அரித்துப்போய், ஏறக்குறைய 800 பயணிகள் நகர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலத்தோடு வந்து சேரும்வரை அவர்களைக் காப்பாற்றியது பக்கத்துக் கிராமத்து மக்கள் ஆக்கிப் போட்ட சோறு. தங்கள் வீடே வெள்ளத்தில் நிற்க, அரிசி மூட்டையைப் பிரித்தவர்கள் அவர்கள். தாமானில் குடியிருக்கும் நாமும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நம் வீட்டு வாசலில் நாலு பேர் வந்து நின்றால் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

எத்தனை நாளைக்கு இருப்பு வேண்டும் என்பதில் உலகம் பெரும்பாலும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் வெளியிட்ட ஆயத்தத் திட்டத்தில் 72 மணி நேரம் என்றது. நிலநடுக்கத்தோடு வாழப் பழகிய ஜப்பான் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் என்கிறது. நீரிணைக்கு அந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும் சிங்கப்பூரின் குடிமைத் தற்காப்புப் படை, அவசரக் கையேட்டைத் தமிழ் உள்பட நான்கு மொழிகளிலும் வெளியிட்டு, வீட்டுக்கு ஒரு தயார் பை வைக்கச் சொல்கிறது. படகும் லாரியும் ஒரு தாமானைத் தேடி வர எடுக்கும் நேரம்தான் இந்த மூன்று நாள்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. ஸ்பியர் என்ற அனைத்துலக நிவாரணக் கையேட்டின்படி, குடிக்கவும் சாப்பாட்டுக்கும் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2.5 முதல் 3 லிட்டர் வேண்டும். குளிக்க, கழுவ எல்லாம் சேர்த்தால் 15 லிட்டர். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி என்று ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு மூன்று நாள் குடிநீர் மட்டும் 45 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதாவது, பத்துக் கிலோ அரிசிப் பை நாலரை. மழையில், இருட்டில், முழங்கால் தண்ணீரில், கையில் குழந்தையோடு யார் இதைத் தூக்கிக்கொண்டு நடப்பது? பையில் தண்ணீர் வையுங்கள் என்று சொல்லும் அறிவுரைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

ஆகவே 45 லிட்டரும் வீட்டில் இருக்கட்டும், ஆனால் கீழ்த்தளத்தில் வேண்டாம். 1.5 லிட்டர் போத்தல் 12 கொண்ட பெட்டி மூன்று வாங்கினால் 54 லிட்டர். மாடி வீடென்றால் மாடியில், ஒற்றை மாடித் தரைவீடென்றால் உயரமான அலமாரியின் மேல், அடுக்குமாடி என்றால் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். கார் பின்பெட்டியில் போட்டு வைப்பது கூடாது. நம் வெயிலில் பிளாஸ்டிக் சூடேறி, பெட்ரோல் நெடியோடு கலந்த அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்க மனம் வருமா? குழாய்த் தண்ணீரையே பிடித்து வைப்பவர்கள் உணவுக்கான மூடிபோட்ட கலனில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி, ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டும். பால் வந்த கலன் வேண்டாம்; எவ்வளவு கழுவினாலும் அதன் புரதம் முழுதாகப் போகாது. கிளம்பும் பையில் ஆளுக்கு ஒரே ஒரு 1.5 லிட்டர் போத்தல் போதும். அதோடு மடக்கி வைக்கும் தண்ணீர்ப் பை ஒன்று, காலியாக. மையத்தில் தண்ணீர் லாரி வரும்போது வாங்கி வைக்கப் பாத்திரம் இல்லாமல் தவிக்கும் குடும்பங்களே அதிகம்.

பெர்மாஸ் ஜெயாவுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கலங்கிய தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கொதிக்க வைக்க வழியில்லையென்றால் வாசனை சேர்க்காத, 5 முதல் 6 விழுக்காடு குளோரின் கொண்ட வெளுப்பான் லிட்டருக்கு இரண்டு துளி விட்டு, அரை மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம். கலங்கல் இருந்தால் நாலு துளி. இவை எல்லாம் கிருமிக்கு. தொழிற்பேட்டைக் கழிவு கலந்த தண்ணீரில் உள்ள பென்சீன் போன்ற இரசாயனத்தை நீக்கக் கொதியையும் குளோரினையும் நம்ப முடியாது. ஜொகூர் ஆற்றில் அமோனியா ஏறி நீர்ச் சுத்திகரிப்பு நின்றுபோன அனுபவம் 2017லும் 2019லும் இந்த மாநிலத்துக்கு உண்டு. அதனால்தான் சீல் வைத்த போத்தல் தண்ணீரை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். சுடவைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று பழகிய நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். அவசரம் என்றதும் நாம் வண்டியில் அள்ளிப் போடுவது மேகி. 2020 மார்ச் 16ஆம் தேதி இரவு கட்டுப்பாட்டு ஆணை அறிவிப்பு வந்ததும் பேரங்காடிகளில் முதலில் காலியான தட்டுகளில் அதுவும் ஒன்று. ஒரு பொட்டலம் மேகிக்கு அரை லிட்டர் வரை தண்ணீர் வேண்டும், நெருப்பு வேண்டும், சாப்பிட்ட பிறகு அதன் உப்பு இன்னும் தண்ணீர் கேட்கும். தண்ணீரும் நெருப்பும் இல்லாத நேரத்துக்கு இதைவிடப் பொருந்தாத உணவு கிடையாது. நம் சொந்தச் சமையலறையோ இந்த விஷயத்தில் எந்தப் பேரங்காடியையும் மிஞ்சும். ஒரு கைப்பிடி மெல்லிய அவலை ஒரு தூக்கில் போட்டு, கால் குவளைத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடும். அடுப்பு வேண்டாம். உப்பும் ஊறுகாய்த் துளியும் தொட்டுக்கொண்டால் பெரியவர்களுக்கு, பேரீச்சம் பழத்தைக் கிள்ளிப் போட்டால் பிள்ளைகளுக்கு. பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, வறுத்து அரைத்த சத்துமாவு, எல்லாமே தண்ணீர் குறைவாகக் கேட்பவை, புரதம் தருபவை, மாதக்கணக்கில் கெடாதவை. அசைவம் சாப்பிடுபவர்களுக்குச் சார்டின் டின், சைவர்களுக்குக் கொண்டைக்கடலை டின். இழுத்துத் திறக்கும் மூடியாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் டின் திறப்பானைப் பையிலேயே கட்டி வையுங்கள்.

தோட்டத்தில் வாழ்ந்த நம் முந்தைய தலைமுறைக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சம்பளம் வருவதற்கு முந்தைய வாரமே அவர்களுக்கு ஓர் அவசரநிலை. கருவாடு, வடகம், ஊறுகாய், அவித்துக் காயவைத்த கிழங்கு என்று ஏதாவது ஒன்று பானையிலும் டின்னிலும் இருந்தது. தாமானுக்கு வந்த பிறகு நம் இருப்பெல்லாம் குளிர்பெட்டிக்குள் போய்விட்டது. மின்சாரம் போனால் இரண்டாம் நாள் அதுவும் போய்விடும்.

நான் அதிகம் கவலைப்படுவது இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களைப் பற்றி. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். துயர் துடைப்பு மையத்துக்கும் நன்கொடைப் பொட்டலத்துக்கும் வந்து சேருவது எதுவென்று பாருங்கள்: வெள்ளை ரொட்டி, இனிப்பு பிஸ்கட், கெட்டிப்பால் கலந்த தேநீர், மைலோ, வெள்ளைச் சோறு. கொடுப்பவர்களின் மனசு பெரிது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்று நாள் இதையே சாப்பிடும் இனிப்பு நீர்க்காரரின் சர்க்கரை எங்கே போய் நிற்கும்? இன்னொரு பக்கம், மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு சாப்பாடு கிடைக்காமல் போனால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். அது இன்னும் ஆபத்து. அதனால் அவர்கள் இருக்கும் வீட்டுப் பையில் கடலை வகையும் சத்துமாவும் அதிகமாகவும், சர்க்கரை இறங்கும்போது வாயில் போட நாலு மிட்டாயோ குளுக்கோஸோ தனியாகவும் இருக்க வேண்டும்.

மருந்து ஒரு வாரத்துக்கு வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் அடுத்த மருந்து வாங்கும் தேதிக்கு முதல் நாள்வரை இழுத்தடிக்கும் பழக்கத்தை விட்டு, கையிருப்பு ஒரு வாரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரித்துப் பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பேனாக்களில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்கள் பேனாவுக்கு எவ்வளவு என்பது அதன் உறையில் இருக்கும். பிரிக்காத இருப்பை ஐஸ் கட்டியின் மேல் நேராக வைத்தால் உறைந்து வீணாகும். ஈரத்துணி சுற்றிய சிறு மண்பானைக்குள், தண்ணீர் படாமல் டப்பாவில் போட்டு வைத்தால் சூடு ஏறாமல் காக்கும். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று, மைகாட் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாம் ஒரே ஜிப் பையில் போகட்டும். மையத்தில் பதிவதற்கும் பிறகு உதவித் தொகை கேட்பதற்கும் அடையாளப் பத்திரம் இல்லாமல் அலைந்தவர்கள் படும் பாடு தனிக் கதை. கைக்குழந்தை உள்ள வீட்டில் தாய்ப்பால் கொடுப்பவர் தொடர்ந்து கொடுப்பதே மிகப் பாதுகாப்பு. புட்டிப்பால் குழந்தைக்குப் புட்டியைக் கொதிக்க வைக்க வழியிருக்காது என்பதால் சிறு கிண்ணத்தில் புகட்டப் பழக்கி வைத்தால் நல்லது.

பை எவ்வளவு கனம் இருக்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வீட்டுத் தலைவர் இல்லை. பெர்மாஸ் ஜெயாவின் பகல் நேரத்தை யோசித்துப் பாருங்கள். விடியுமுன் நாலரை, ஐந்து மணிக்கே மோட்டாரில் கிளம்பிப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தாய் தகப்பன் எத்தனை பேர். பகல் முழுக்க வீட்டில் இருப்பது பாட்டியும் பள்ளி விட்டு வரும் பிள்ளையும். வெள்ளம் பிற்பகல் மூன்று மணிக்கு வந்தால் அந்த இருவரும்தான் கிளம்ப வேண்டும். பெற்றோர் திரும்பி வர இரவாகும். 2020இல் எல்லை மூடியபோது, இரண்டு வாரத்தில் வந்துவிடலாம் என்று அந்தப் பக்கம் தங்கியவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான். எனவே பாட்டி தூக்கக்கூடிய கனமே பையின் கனம். நாலைந்து கிலோ. அதற்கு மேல் வேண்டியது பிள்ளையின் பள்ளிப் பைக்குள் போகட்டும். பை எங்கே இருக்கிறது, எந்த மையத்துக்குப் போக வேண்டும், 999ஐ அழைத்து முகவரியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து, ஒரு தடவை நடந்தும் பார்த்துவிட வேண்டும். கைவிளக்கு பையின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். இருட்டில் துழாவித் தேடும் பொருள் அதுதான்.

இருப்பைப் புதுப்பிக்க நம் நாள்காட்டியிலேயே வழி இருக்கிறது. தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம், பையைப் பிரித்துப் பார்த்துக் காலாவதி நெருங்குவதைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு புதியதை வைக்கலாம். ஆனால் அது மட்டும் போதாது. ஜொகூரின் பெரும் வெள்ளங்கள் 2023லும் 2025லும் வந்தது மார்ச்சில், மழைக்காலம் முடிந்ததென்று எல்லாரும் மறந்திருந்த நேரத்தில். தைப்பூசம் முடிந்த வாரம் இன்னொரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

இத்தனையும் வீட்டின் கடமை என்று சொல்லி அரசாங்கத்தைத் தப்பவிட எனக்கு மனமில்லை. மூன்று பெட்டித் தண்ணீரும் மூன்று நாள் மளிகையும் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பவர்களுக்குச் சாதாரணம். நாள் கூலிக்காரருக்கு, குறைந்த விலை அடுக்குமாடியில் தனியாக இருக்கும் முதியவருக்கு, பாசிர் கூடாங் தொழிற்சாலைகளை நம்பி ஊரிலிருந்து வந்து விடுதியில் அடைந்து கிடக்கும் தொழிலாளிக்கு அது பெரிய தொகை. 2021 வெள்ளத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 1,000 ரிங்கிட் கொடுத்தார்கள். வெள்ளத்துக்குப் பின் கொடுக்க முடிந்த பணத்தில் ஒரு சிறு பங்கை முன்னால் கொடுப்பதில் என்ன தடை? வழியும் கைவசம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 தொடங்கி, 18 வயது நிரம்பிய மலேசியர் அனைவருக்கும் சாரா என்ற உதவித் திட்டத்தில் மைகாட் வழியாக 100 ரிங்கிட் கொடுத்து அடிப்படைப் பொருள் வாங்கச் சொன்னார்கள். அதே மைகாட், அதே கடைகள். வெள்ள அபாயப் பகுதிகளில் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் தண்ணீர், டின் உணவு, கைவிளக்கு வாங்க மட்டும் ஒரு தொகை போடலாம். மைகாட் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களின் விடுதிக்கு மூன்று நாள் இருப்பு வைப்பது முதலாளியின் பொறுப்பு என்று உரிம நிபந்தனையில் சேர்க்கலாம்.

மையங்களை நடத்தும் சமூக நலத் துறையிடம் கேட்க வேண்டியவை இன்னும் எளியவை. பதிவுப் பாரத்தில் சைவ உணவு, இனிப்பு நீர், இன்சுலின், கைக்குழந்தை என்று நாலு கட்டங்கள் சேர்த்தால், சமையற்கட்டுக்கும் மருத்துவக் குழுவுக்கும் முதல் நாளே கணக்குப் போய்விடும். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். திருவிழாவுக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அண்டாவும் ஆள்பலமும் நம் கோயில்களில் இருக்கின்றன. அந்த அண்டா எந்த மையத்துக்குப் போகும், அரிசி எங்கிருந்து வரும், யார் யாருக்குத் தகவல் சொல்வார்கள் என்பதைப் பொதுத் தற்காப்புப் படையோடும் குடியிருப்பாளர் சங்கத்தோடும் உட்கார்ந்து பேசி, பருவமழைக்கு முன்னமே ஒரு தாளில் எழுதிக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதற்கு ஓர் இடம் ஒதுக்கலாம்.